முப்பத்தெட்டாவது ஆள்

போன மாதம் ஒரு இளம் மோதினார் எனக்குப் போனில் கோல் எடுத்தார். பொத்துவிலுக்கு வெளியே வயலோரத்தில் இருக்கிற சின்னப் பள்ளிவாசலில் புதிதாகச் சேர்ந்தவர். நான் தலை நரைக்கும்வரை தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்ன அதே பள்ளி. அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டார், குரலில் அழுகை தெரிந்தது.

"காக்கா, வெள்ளிக்கிழமைக்கு நாப்பது பேர் சேருறாங்க இல்ல. வட்சப் குரூப்பில மெசேஜ் போட்டா எல்லாரும் பெருவிரலத்தான் அனுப்புறாங்க. போன் இல்லாத காலத்தில நீங்க எப்படிச் சேத்தீங்க?"

பெருவிரல் தொழாது தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். மிச்சத்தை எழுதித்தான் சொல்லவேண்டும். அதில் ஒரு யூதக் கிழவர் வருகிறார், ஒரு தயிர்ச் சட்டி வருகிறது, போனில் சொன்னால் நம்பமாட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்று. எங்கள் மத்ஹபில், அதாவது நாங்கள் பின்பற்றுகிற சட்ட வழியில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நாற்பது ஆண்கள் வேண்டும். பருவமடைந்தவர்களாக, புத்தி தெளிவானவர்களாக, அந்த ஊரிலேயே குடியிருப்பவர்களாக இருக்கவேண்டும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் இது ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே பள்ளிக்குள் இடம் பிடிக்க முழங்கையால் இடிபடவேண்டும். எங்கள் ஊரிலோ வீடுகள் கொஞ்சம், வயல் நிறைய. விதைப்புக்கும் வெட்டுக்கும் ஆண்கள் வாய்க்கால் வரம்பெல்லாம் சிதறிக் கிடப்பார்கள். முப்பத்தொன்பது வந்தாலும் ஜும்ஆ இல்லை, சாதாரண நாள்போலப் பகல் லுஹர் தொழுதுவிட்டுப் போகவேண்டியதுதான். புத்தி தெளிவு விஷயத்தில் மட்டும் நாங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம். இல்லாவிட்டால் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள்.

நான் பிறந்தது மருதமுனையில், தறிக் குடும்பத்தில். பாங்கு பழகியதும் அங்கேதான். சுற்றிவர நூறு தறி அடிக்கிற சத்தத்துக்கு மேலால் குரல் போகவேண்டும், அதுதான் எனக்குக் கிடைத்த முழுப் பயிற்சி. பொத்துவில் பக்கம் கலியாணம் முடித்து வந்தபோது பள்ளித் தலைவர் இப்றாலெப்பை மரைக்காயர் என்னைப் பாங்கு சொல்லச் சொல்லிக் கேட்டார். முடித்ததும், "குரல் காணும். கால் எப்படி?" என்றார். அப்போது எனக்கு விளங்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமை வரம்பு வரம்பாக ஓடியபோது விளங்கியது.

மரைக்காயரைப் பற்றிச் சொல்லவேண்டும். மருதாணி போட்ட சிவந்த தாடி, கையில் பிரம்பு, காலில் எந்நேரமும் ஒரு அளவு பெரிய செருப்பு. ஒலிவாங்கியைத் தட்டாமல் ஒரு சொல் பேசமாட்டார். தட்டிவிட்டு, "கேக்குதா?" என்பார். கேட்கிறது என்று முன்வரிசை சொன்னாலும் திருப்தி வராது. வெளியே போய், தானே நின்று, தன் குரல் கேட்கிறதா என்று பார்க்கப் போவார். அவர் வெளியே நிற்கும்போது உள்ளே யார் பேசுவது? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை.

ஆள் சேர்க்கிற வேலையில் என்னைப் படிப்பித்தவன் அலியார் என்கிற ஒரு சோம்பேறி. ஒரு வெள்ளிக்கிழமை முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது. அலியார் வயல் வாடிக் குடிசையில் தூங்குகிறான் என்று கேள்விப்பட்டு ஓடினேன். மூச்சு வாங்க, "நீ வந்தாத்தான் ஜும்ஆ, நீதான் நாப்பதாவது ஆள்" என்று சொல்லிவிட்டேன். அதோடு கெட்டது. எழும்பி உட்கார்ந்தான். பால்தேத்தண்ணி கேட்டான். பள்ளியில் மின்விசிறிக்குக் கீழே இடம் கேட்டான். சைக்கிளில் ஏற்றிப்போனால் குலுங்குமாம், மெதுவாக மிதிக்கச் சொன்னான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் பள்ளி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பான். ஆள் நிறைந்திருந்தால் முகம் வாடிவிடும், குறைந்திருந்தால் மெல்ல வீட்டுப் பக்கம் நடப்பான், நாங்கள் பின்னால் ஓடவேண்டும்.

அன்றைக்கு எடுத்த முடிவை வேலையைவிட்டு இறங்கும்வரை மாற்றவில்லை. யாரைக் கூப்பிட்டாலும், "நீங்க முப்பத்தெட்டாவது ஆள்" என்பேன். முப்பத்தெட்டாவது ஆளுக்குத் தலைக்கனம் வராது. தன் தலையில்தான் எல்லாம் நிற்கிறது என்ற பயமும் வராது. இன்னும் இரண்டு பேர் வருவார்கள்தானே என்று சும்மா வந்து உட்கார்ந்துவிடுவார். இளம் மோதினாரே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடவை அறுவடை நேரம். பள்ளியில் பாதிதான் சேர்ந்திருந்தது. மரைக்காயருக்கு ஒரு யோசனை வந்தது. றோட்டுக்குப் போய் பிரம்பை நீட்டி, பொத்துவிலிலிருந்து போகிற பஸ்ஸை மறித்துவிட்டார். ஆம்பிளைகள் எல்லோரும் இறங்கினார்கள். நான் ஹவுள் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தொழுகைக்காகக் கை கால் கழுவி வரிசையாக வுழூ எடுக்கவிட்டேன். பள்ளி பொங்கி வழிந்தது. மௌலவி மிம்பர் மேடையில் ஏறப்போனவர் முன்வரிசையைப் பார்த்து, "நீங்க எந்த ஊர்?" என்றார். அக்கரைப்பற்று. அடுத்தவர் நிந்தவூர். அதற்கடுத்தவர் ஓட்டமாவடி. மௌலவி இறங்கிவிட்டார். பயணிகள் கணக்கில் சேரமாட்டார்கள். நாற்பதும் ஊரில் குடியிருப்பவர்களாக இருக்கவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல, பஸ்ஸைக் கண்ட சந்தோசத்தில் மறந்துபோய்விட்டது. அதிலே கல்முனையைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க மாஸ்டர் வேறு. ஏதோ சோதனைச் சாவடி என்று நினைத்து, வரிசையில் நின்று, மற்றவர்களைப் பார்த்துக் காலைக் கழுவிவிட்டார். மரைக்காயர் ஒலிவாங்கியைத் தட்டி, பயணிகளின் எண்ணத்தை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக, ட்ரைவர் ஹோன் அடிக்கிறார், ஓடுங்கள் என்றார். மாஸ்டர்தான் முதலாவதாக ஓடினார்.

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் வந்த கேஸுக்கு இதெல்லாம் தேவைப்பட்டது.

மரைக்காயரின் மகள் றிஹானா, சரித்திரம் படிப்பிக்கிற டீச்சர். அவதான் ஒருநாள் வந்து சொன்னா. இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்திலே வாழ்கிற யூதர்கள் சிலர் அறுகம்பைக்கு வருகிறார்களாம். எல்லோரும் வயதானவர்கள். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஹிட்லரின் ஆட்கள் கொன்றுபோட்டவர்களின் பெயர்களை நினைவுகூர்வதும், அந்தக் கதைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதும்தான் அவர்களுடைய வேலை. யூதர்மேல் வருகிற வெறுப்பைக் கோபத்தால் அல்ல, கதையால் கழுவப் பார்க்கிறவர்கள். அவர்களில் ஜோசப் என்கிற கிழவர் தன் ராத்தாவைப் பற்றி, அதாவது அக்காவைப் பற்றி, எங்கள் பிள்ளைகளுக்குப் பேச விரும்புகிறார்.

ஊர் கொதித்தது. செய்தியில் தினமும் போரைப் பார்க்கிற சனம், யூதர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுகிற காலம். இவர்கள் கடற்கரையை வாங்க வருகிறார்கள் என்றார் ஒருவர். கடலை அளக்க வருகிறார்கள் என்றார் இன்னொருவர். அளந்து என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, அதைத்தான் மறைக்கிறார்கள் என்றார். மரைக்காயரும் ஒரேயடியாக மறுத்தார். றிஹானா டீச்சர் தகப்பனின் கண்ணைப் பார்த்துச் சொன்னா:

"வாப்பா, ஒரு வயசாளி மவுத்தாப்போன தன்ட ராத்தாவப் பத்திக் கதைக்க வாறாரு. அந்தப் புள்ளைக்குப் பத்து வயசு. அது நமக்கு என்ன செஞ்ச?"

மரைக்காயர் பிரம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவர் தோற்றுப்போனால் அப்படித்தான் செய்வார். பன்றி அவர்களுக்கும் ஹராம் என்று மகள் சொன்னதும் பாதி சமாதானமாகி, வருகிறவர்கள் தன் வீட்டில் பகல் சாப்பிடவேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

வந்தார்கள், சரியாகப் பத்துப் பேர். ஜோசப்புக்குத் தொண்ணூறைத் தொட்ட வயது, சுண்டினால் விழுந்துவிடும் உடம்பு, ஆனால் கண் மட்டும் குறும்பு. அந்தப் பெயரை எங்கள் வழக்கில் யூசுப் ஐயா என்றோம், தலையாட்டினார். நாங்கள் அறுத்த இறைச்சியை அவர்கள் சாப்பிடுவதில்லை, அவர்களுக்கென்று அறுப்புச் சட்டம் வேறு. பழமும் தயிரும் போதும் என்றார்கள். இறைச்சி வைக்க முடியாத கவலையை மரைக்காயர் தயிரில் தீர்த்துக்கொண்டார். எருமைத் தயிர் சட்டி சட்டியாக வந்தது, மேலே இனிப்புப் பாணி, பக்கத்தில் முழுப் பலாப்பழம். கூட்டத்தில் டேவிட் என்கிற ஒரு பெரிய உடம்புக்காரர் மரியாதை தெரிந்தவர், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். எங்கள் ஊரில் சாப்பிட்டு முடித்த தட்டு காலியாக இருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அவர் ஊரில் தட்டைக் காலியாக்குவதுதான் மரியாதையாம். மரைக்காயர் போடப் போட அவர் காலியாக்கினார், அவர் காலியாக்கக் காலியாக்க மரைக்காயர் போட்டார். இரண்டு பேருக்கும் வேர்த்தது.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு அறுகம்பையில் அவர்கள் தங்கியிருந்த ஹோட்டல் மண்டபத்துக்கு எல்லோரும் போனோம். றிஹானா டீச்சரின் பிள்ளைகளும் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். டேவிட் மட்டும் கழிவறைக்குப் போனார். போனவர் வரவில்லை. உள்ளேயிருந்து முனகல் மட்டும் வந்தது.

ஜோசப் ஐயாவின் முகம் வெளுத்ததை அப்போதுதான் கண்டேன். றிஹானா டீச்சர் விளங்கப்படுத்தினா. அன்றைக்கு அவருடைய ராத்தா மிரியத்தின் நினைவு நாள். அந்த நாளில் அவர் எழுந்து நின்று இறந்தவருக்காக வேண்டுகிற ஒரு துஆ ஓதவேண்டும், அதற்குப் பத்து யூதர்கள் கூட நிற்கவேண்டும். பொழுது படுமுன் ஓதவேண்டும், எங்களைப்போல அவர்களுக்கும் பொழுது பட்டால் அடுத்த நாள். விபரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட அவர் தவறவிட்டதில்லை. இந்தப் பயணத்துக்குப் பத்துப் பேராக வந்ததே அதற்காகத்தான். இப்போது ஒன்பது.

நாற்பதுக்கு ஓடிய காலுக்குப் பத்தென்ன என்று எனக்கு ஒரு தெம்பு. கழிவறைக்குள் இருப்பவர் கணக்கில் வருவாரா என்று கேட்டேன். கேட்டு முடிக்குமுன்னே ஒன்பது பேரும் இல்லையென்று தலையாட்டினார்கள். மரைக்காயர் தாடியைத் தடவி, தானே பத்தாவது ஆளாக நிற்கத் தயார் என்றார். ஜோசப் ஐயா அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லி, அது செல்லாது என்றார். மரைக்காயருக்கு உடனே விளங்கிவிட்டது. "ஓம், பஸ்ஸில வந்தவங்க மாதிரி" என்றார். அவர்களில் பெண்களையும் கணக்கில் சேர்ப்பார்கள், எல்லா யூதர்களும் அப்படிச் செய்வதில்லை, அவர்களுக்குள்ளும் மத்ஹபு உண்டு என்று கேள்விப்பட்டபோது, நாங்களும் அப்படிச் செய்திருந்தால் இத்தனை வருஷம் ஓடியிருக்கத் தேவையில்லையே என்று முணுமுணுத்தார். மகள் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

"நான்தான் அந்த மனிசனுக்குத் தயிரப் போட்டுக் கெடுத்தன். நான்தான் ஆள் கொண்டு வரோணும்" என்று செருப்பை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். அலையில் பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரர்கள் மணலில் நிறைய இருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆங்கில வசனம்தான் தெரியும்.

"ஆர் யூ ஜூ?"

சிவந்த தாடி, நீளச் சட்டை, நீட்டிய பிரம்பு. கேட்ட முதல் ஆள் நோ என்று சொல்லிக் கடலுக்குள் போய்விட்டார். அடுத்தவர், தான் போன கிழமைதான் பௌத்தரானதாகச் சொன்னார். ஒரு பெண் தன் நாயை இழுத்துக்கொண்டு நடந்தா. நாயிடம் நாங்கள் கேட்கவே இல்லை. சுருட்டை முடிக்கார இளைஞர் ஒருவர் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டதும் அவர் கை நின்றது. நோ என்றார். பலகையை எடுத்துக்கொண்டு போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடற்கரை முழுக்கக் கேட்டுவிட்டோம், அவ்வளவு பெரிய கடற்கரையில் ஒருவரும் யூதரில்லை.

மரைக்காயர் கவிழ்த்து வைத்திருந்த தோணியில் உட்கார்ந்து அழுதார். நான் அவர் அழுது அதற்கு முன் கண்டதில்லை. றிஹானா டீச்சர் ஆட்டோவில் வந்திறங்கி, என்ன கேட்டீர்கள் என்றா. சொன்னோம். அவ தலையில் கை வைத்தா.

"வாப்பா, அந்தக் கேள்விய அப்படிக் கேக்க ஏலா. ஏனெண்டு பிறகு விளங்கும்."

பிறகு அவ தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. அந்த மண்டபத்தில் ஒரு வயதானவர் தன் சகோதரிக்காகத் துஆ ஓதப் போகிறார், ஆள் குறைகிறது, கூட நிற்கக்கூடியவர் யாரென்று எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, கதவு திறந்திருக்கும். இவ்வளவுதான். யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

பொழுது சரிந்துகொண்டிருந்தது. மண்டபத்துப் படியில் நின்ற எனக்கு அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்ல ஓடவேண்டிய கவலை வேறு. அப்போது அந்தச் சுருட்டை முடிக்காரர் வந்தார். வெறுங்கால், ஈரக் காற்சட்டை, உடம்பெல்லாம் மணல். உள்ளே வராமல் படிக்குக் கீழே நின்று, தனக்கு ஒரு சொல்லும் பாடமில்லை, தன் பாட்டனுக்குத்தான் தெரியும் என்றார். இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்றும் கேட்டார். றிஹானா டீச்சர் அதை எனக்குச் சொல்லி, பதிலுக்காக என்னைப் பார்த்தா. அவர் கால் அரைவாசி திரும்பியிருந்தது. எனக்கு அந்தக் காலைத் தெரியும், எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்த கால்.

"எட்டாவது ஆளெண்டு சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

மூச்சு விட்டார், படியேறினார். தலையை மூடவேண்டும் என்றார்கள், என் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். மரைக்காயர் தன் தோளில் கிடந்த மருதமுனைச் சாரனை அவர் இடுப்பில் சுற்றிவிட்டார். உள்ளே போய் மற்றவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதற்குள் ஜோசப் ஐயா எழுந்துவிட்டார். இளைஞருக்குச் சொல் தெரியாது என்பதால் அவர் மெதுவாக ஓதினார், இளைஞர் அவர் வாயைப் பார்த்துச் சேர்ந்து சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆமீன் மட்டும் விளங்கியது, அதை மரைக்காயர் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னார்.

நான் பாங்கு சொல்லிவிட்டு ஓடி வந்தபோது ஜோசப் ஐயா பிள்ளைகளுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல டீச்சர் தமிழில் சொன்னா. தாய் தகப்பனை முன்னமே கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் மிரியமும் சின்னப் பையனான ஜோசப்பும் மட்டும். ஒருநாள் ஆயுதத்தோடு வந்தவர்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், நீ யூதரா, நீ யூதரா என்று. ராத்தா தம்பியை உடுப்புக் கூடைக்குள் உட்காரவைத்து மேலே துணியைப் போட்டாள். கதவைத் திறந்தாள். ஓம், நான் யூதர்தான் என்றாள். உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்கள். நான் ஒருத்திதான் என்றாள். அவளைக் கொண்டுபோனார்கள், அவள் திரும்பி வரவேயில்லை. அவள் செத்த நாள் தெரியாது, அதனால் கொண்டுபோன நாளை வைத்திருக்கிறார். அந்த நாளில் துஆவுக்குப் பிறகு, இதுவரை கேட்டிராத ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லவேண்டும், அது அவர்கள் சமூகத்தில் வைத்துக்கொண்ட வழக்கம்.

ஒரு பிள்ளை எழுந்து, இப்போது போரில் சாகிற பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று துணிந்து கேட்டாள். அவர்களுக்கும் பெயர் இருக்கிறது, அந்தப் பெயர்களையும் ஒருவரும் மறக்கக்கூடாது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மரைக்காயர் எழுந்து நின்றார். கடற்கரையில் தான் கேட்டுத் திரிந்த கேள்வி என்னவென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருந்தது. மாப்புக் கேட்க எழுந்தவர் பிரம்பைக் கை மாற்றிக் கை மாற்றி நின்றதைக் கண்டு டீச்சர்தான் நடந்ததைச் சொன்னா. ஜோசப் ஐயா முதலில் சிரித்தார், நாயைக் கூட்டிக்கொண்டு ஓடிய பெண்ணைக் கேட்டுவிட்டு இன்னும் சிரித்தார். பிறகு மரைக்காயரைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அன்றைக்கு அந்தக் கேள்வியோடு வந்தவர்கள் எங்களில் ஆளைக் குறைக்க வந்தார்கள். ஆள் கூட்டுவதற்காக அதைக் கேட்டுத் திரிந்தவர் என் ஆயுளில் நீங்கள் ஒருவர்தான்."

டேவிட் அந்த நேரம் பார்த்துக் கழிவறையிலிருந்து வெளியே வந்து, ஏதாவது தவறிப்போய்விட்டதா என்று கேட்டார். மரைக்காயர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருக்கு ஏனென்று தெரியாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜோசப் ஐயா இப்போது இல்லை. அடுத்த வருஷமே மவுத்தாகிவிட்டார் என்று டீச்சருக்குச் செய்தி வந்தது. மரைக்காயர் அந்த வழக்கத்தைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார். வருஷம் தவறாமல் அந்த நாளில் கேட்டிராத ஒருவரைத் தேடுவார். எங்கள் சின்ன ஊரில் இரண்டு வருஷத்தில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள், அலியார்கூட இரண்டு தடவை. பிறகு பிரம்போடு பஸ் நிறுத்தத்துக்குப் போகத் தொடங்கினார். இதுக்குப் பயணிகளும் செல்லும் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஒருமுறை அந்தக் கத்தோலிக்க மாஸ்டர் அகப்பட்டாராம். பிரம்பைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டாராம்.

இந்த வருஷம் மரைக்காயருக்கு முழங்கால் ஏலாது, கட்டிலோடு இருக்கிறார். காலையில் கோல் எடுத்து, போனைத் தட்டிக் கேக்குதா என்றார். ஓம் என்றேன். "இண்டைக்கு அந்த நாள். நீதான் சொல்லோணும்" என்றார். மருதமுனையில் நான் இப்போது இருக்கிற என் மகள் வீட்டில் எல்லோருக்கும் எப்போதோ சொல்லியாகிவிட்டது. அதனால்தான் இளம் மோதினாருக்குப் பதில் எழுதுகிற சாட்டில் உட்கார்ந்தேன். மிரியம் என்று ஒரு பிள்ளை இருந்தாள், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டதற்கு நான் ஒருத்திதான் என்றாள். இதை இதுவரை கேட்டிராத நீங்கள் இப்போது கேட்டுவிட்டீர்கள்.

பொழுது படுமுன் முடித்துவிட்டேன். நீங்கள் பயப்படவோ பெருமைப்படவோ வேண்டாம். நீங்கள் முப்பத்தெட்டாவது ஆள்தான்.